கிளினிக் கொப்பியில் ஒரு வரி எழுதித் தாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்,

அம்மாவுக்கு இதயம் பலவீனம். மாதம் ஒருமுறை கிளினிக், கொப்பியில் அடுத்த திகதி, ஒரு பை குளிசை, அவ்வளவுதான். போன மாதம் இரண்டு கிளினிக்குக்கு நடுவில் கால் வீங்கத் தொடங்கியது. ஒரு தலையணையில் படுத்தவர் மூன்று கேட்டார், பிறகு கதிரையில் இருந்தபடியே தூங்கினார். திகதிக்கு இன்னும் பத்து நாள்தானே என்று நாங்களும் பார்த்துக்கொண்டிருந்து, கடைசியில் இரவு ஒரு மணிக்கு 1990 அம்புலன்சுக்கு அடித்து, அம்மாவுக்கு மூச்சு இளைக்க இளைக்க மண்முனைப் பாலம் தாண்டினோம்.

வாட்டில் ஆறு நாள். ஊசி போட்டதில் ஐந்து கிலோ குறைந்தது. அத்தனையும் தண்ணீர், எங்கள் கண்ணுக்கு முன்னால் ஏறியது. காலையில் சலம் போன பிறகு, தேத்தண்ணி குடிக்க முதல், தினமும் நிறை பார்க்க வேண்டும், மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் பொறுத்திருக்கக் கூடாது என்று ஒரு தாதி சொன்னார், அதுவும் வீட்டுக்கு அனுப்பத் துண்டு வெட்டும் நேரத்தில். முழங்கால் நோவுக்கு பாமசியில் வாங்கிய டைக்குளோபினாக் உப்பையும் நீரையும் உடம்பில் பிடித்து வைக்கும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. (சோற்றில் உப்பே இல்லை என்று அம்மா சத்தியம் செய்வார். கருவாடு அவர் கணக்கில் வராது.)

வருத்தம் கூடினால் குடலும் வீங்கி, வாயால் போடும் நீர்க்குளிசை சரியாக உடம்பில் சேராதாம், அதனால்தான் ஊசி. அந்த ஊசியைக் கிளினிக்கிலேயே போட்டு, சில மணி நேரம் பார்த்துவிட்டு அன்றே வீட்டுக்கு அனுப்பும் நாடுகள் இருக்கின்றன. அமெரிக்காவில் 2022இல், வயிற்றில் ஒட்டினால் தோலுக்குக் கீழே அதே மருந்தை ஏற்றும் கருவிக்கே அனுமதி கொடுத்துவிட்டார்கள். அது நமக்கு எந்தக் காலம்! நான் கேட்பது ஒரு வரி. நிறை இவ்வளவைத் தாண்டினால் புரோசமைட் நீர்க்குளிசை இத்தனை கூடப் போடு, அதற்கும் குறையாவிட்டால் இந்த நம்பருக்கு அடி என்று டொக்டர் கொப்பியில் எழுதித் தரக் கூடாதா? ஆளுக்கு ஆள் அளவு வேறு, நாங்களாகக் கூட்டினால் சிறுநீரகம் கெடும், பொட்டாசியம் இறங்கும், அதனால்தான் அவர் கையெழுத்தில் வேண்டும் என்கிறேன்.

தராசு வாங்கியாயிற்று. அம்மா தானே கலண்டரில் பென்சிலால் எழுதுகிறார். நேற்று 51.2, இன்று 51.9. நாளையும் ஏறினால் யாருக்கு அடிப்பது என்பதுதான் கொப்பியில் இல்லை.

வாசகி ஒருத்தி,
கொக்கட்டிச்சோலை