டெராஃப்ளாப்ஸ் இருக்கட்டும், வாட் எவ்வளவு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வரப்போற ஹேண்ட்ஹெல்ட் கன்சோலோட (கையில வெச்சு ஆடற கேம் மெஷினோட) பவர் எவ்வளவு இருக்கும்னு போன இதழ்ல வந்த கட்டுரைய படிச்சேன், ஆர்வமா எழுதியிருந்தாங்க, ஆனா டெராஃப்ளாப்ஸ் (நொடிக்கு எத்தன லட்சம் கோடி கணக்கு போடும்ங்கற அளவு) டெராஃப்ளாப்ஸ்னு பக்கத்துக்கு பக்கம் வந்துச்சே ஒழிய வாட்ங்கற வார்த்தை ஒரு தடவகூட வரல. அதான் எழுத உக்காந்துட்டேன்.

அந்த நம்பர் வெறும் பெருக்கல் கணக்குங்க. ஸ்டீம் டெக்ங்கற ஹேண்ட்ஹெல்ட்ல 512 ஷேடர் கோர் (படம் வரையற குட்டி கணக்கு யூனிட்), 1.6 கிகாஹெர்ட்ஸ், கிளாக்குக்கு, அதாவது சிப்போட ஒரு துடிப்புக்கு, ரெண்டு கணக்கு, பெருக்குனா 1.6 டெராஃப்ளாப்ஸ் வந்துரும். 2023ல ஏஎம்டி ஹேண்ட்ஹெல்டுக்குனு விட்ட இசட்1 எக்ஸ்ட்ரீம் சிப்புக்கு 8.6னு போட்டாங்க. அஞ்சு மடங்குக்கு மேல! கேம் ஓட்டிப் பாத்தா அஞ்சு மடங்கு வந்துச்சா, கிட்டக்கூட வரல. ஏன்னா அந்த 8.6ல பாதி டூயல் இஷ்யூ கணக்கு, அதாவது ஒரே கிளாக்குல ரெண்டு வேலைய சேத்து முடிக்கலாம்னு வெச்சு போட்டது, கேம் கோடுல அது எப்பவாவதுதான் கைகூடும். மீதிய மெமரி இழுத்துப் பிடிச்சிரும், முதல் ஸ்டீம் டெக்ல நொடிக்கு 88 ஜிபி டேட்டா போச்சுன்னா இசட்1 எக்ஸ்ட்ரீம் போட்டு முதல்ல வந்த மெஷின்ல 102 ஜிபி சொச்சம்தான், அதையும் சிபியூவும் படம் வரையற ஜிபியூவும் பங்கு போட்டுக்கணும். பைப்பு ஏறக்குறைய அதே சைஸு, வாளி மட்டும் பெருசு.

சிப்பால முடியறதும் கம்பெனி விடறதும் வேற வேற. சோனியோட பிஎஸ்பி 2004ல வந்தப்பவே அதோட சிப்பு 333 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் போகும், ஆனா கேமுக்கு 222க்கு மேல விடல, 2007ல ஒரு அப்டேட்லதான் திறந்து விட்டாங்க. நின்டெண்டோவோட ஸ்விட்ச் 2ல டாக்ல (டிவியோட இணைக்கற ஸ்டாண்டுல) வெச்சா 3.07 டெராஃப்ளாப்ஸ், கையில எடுத்தா 1.71. அப்ப கட்டுரையில போட்ட நம்பர் எந்த நிலைமைக்கு?

நான் விளையாடும்போது ஸ்கிரீன் மூலையில வாட்டும் எஃப்பிஎஸ்ஸும் (நொடிக்கு எத்தன ஃப்ரேம்ங்கறது) ஓடிட்டே இருக்கணும் (வியாதிதான், வீட்லயே சொல்லிட்டாங்க). சிப்புக்கு 15 வாட் குடுத்தா ஸ்கிரீன், ஃபேன் எல்லாம் சேந்து 25ஐ தொடும், 40 வாட்அவர் பேட்டரி ஒன்றரை மணி நேரம் சொச்சத்துல காலி. 9 வாட்டுக்கு இறக்கி எஃப்பிஎஸ்ஸ 40ல லாக் பண்ணுனா ஃபேன் சத்தம் அடங்கிருது, பின்பக்க சூடும் குறையுது, சின்ன ஸ்கிரீன்ல எனக்கு பெருசா வித்தியாசமும் தெரியல.

அதனால என் கணிப்பு என்னன்னா, புதுசுலயும் கையில வெச்சு ஆடறப்ப சிப்புக்கு 15 வாட்ட ஒட்டித்தான் விடுவாங்க, அந்த 15க்குள்ள எவ்வளவு வேலை வாங்கறாங்கங்கறதுலதான் விஷயமே இருக்கு. அடுத்த தடவ அட்டவணை போட்டா டெராஃப்ளாப்ஸ் பக்கத்துலயே மெமரி வேகம், வாட், பேட்டரினு மூணு நெடுவரிசை சேத்துப் போடுங்க சார், இடம் பத்தலைன்னா டெராஃப்ளாப்ஸ எடுத்துருங்க.

இப்படிக்கு,
உங்க வாசகன்