சாளைக்கு ஏழு சென்டிமீட்டர்: வெனிஸ் நகரசபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய வெனிஸ் நகரசபையினருக்கு,

வணக்கம். 2025 மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் நானும் என் அம்மாவும் உங்கள் ஊருக்கு வந்தோம். காலை ஒன்பது மணிக்கு ரயிலிலிருந்து இறங்கினோம், மாலை ஆறு மணி ரயிலில் கிளம்பிவிட்டோம். எங்களைப் போன்றவர்களுக்கு இத்தாலியில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: 'கடித்துவிட்டு ஓடுகிறவர்கள்'. என் தம்பி மகள் பக்கத்து நகரமான பாதுவாவில் படிக்கிறாள். அவள்தான் அந்தச் சொல்லுக்குப் பொருள் சொன்னாள். அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "நாயைச் சொல்வதுபோல் இருக்கிறதே" என்றார்.

கோபத்தில் எழுதும் கடிதம் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியும். 1951-இல் உங்கள் பழைய நகரத்தில் ஏறக்குறைய 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். இன்று ஐம்பதாயிரத்துக்கும் குறைவு. ரியால்டோ பாலத்தின் அருகே சான் பார்த்தலோமியோ சதுக்கத்தில் ஒரு மருந்துக்கடையின் கண்ணாடிக்குள் அந்த எண் சிவப்பாக எரிந்துகொண்டிருக்கிறது. 2008 முதல் அது இறங்கிக்கொண்டே வருகிறது. காய்ச்சல் மாத்திரை விற்கும் இடத்தில் ஊரின் காய்ச்சலையும் அளந்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மளிகைக் கடை இருந்த இடத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கு முகமூடி விற்கும் கடை வந்தால், குடியிருப்பவன் உப்பு வாங்க எங்கே போவான்? கூட்டத்தைக் குறைக்க நீங்கள் ஏதாவது செய்துதான் ஆக வேண்டும்.

நீங்கள் செய்தது நுழைவுக் கட்டணம். 2024 ஏப்ரல் 25 அன்று தொடங்கினீர்கள். அந்த ஆண்டு 29 நாட்கள், தலைக்கு ஐந்து யூரோ. அடுத்த ஆண்டு 54 நாட்கள், நான்கு நாள் முன்கூட்டியே பதியாதவர்களுக்குப் பத்து யூரோ. நாங்கள் இரண்டு நாள் முன்னர்தான் முடிவெடுத்தோம், ஆகவே இருவருக்கும் சேர்த்து இருபது. எங்கள் காசில் ஏறக்குறைய 1,900 ரூபாய். வெனிஸிலேயே இரவு தங்குகிறவர் தங்கும் வரி கட்டுவதால் அவருக்கு இது கிடையாது. பாதுவாவில் தம்பி மகளின் அறையில் பாய் விரித்துப் படுத்துவிட்டு வந்த எங்களுக்கு உண்டு. "ஊருக்குள் போக டிக்கெட்டா? இது என்ன பொருட்காட்சியா?" என்று அம்மா கேட்டார். ரயில் நிலைய வாசலில் ஓர் இளம்பெண் எங்கள் கைப்பேசியில் இருந்த க்யூஆர் கட்டத்தைப் பார்த்துவிட்டுப் புன்னகையோடு உள்ளே விட்டார்.

பணம் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. அந்தப் பத்து யூரோவுக்காக யாரும் திரும்பிப் போனதை நான் பார்க்கவில்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஏழு கடல் தாண்டி வந்தவன் எட்டாவது வாசலிலா திரும்பிப் போவான்?

படகு பஸ்ஸில் ஒருவருக்கு 9 யூரோ 50 காசு என்றதும் நடப்பதென்று முடிவு செய்தோம். அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். உங்கள் ஊரில் நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள் இருக்கின்றன, அநேகமாக எல்லாவற்றுக்கும் படி உண்டு. பதினேழு வரை எண்ணிவிட்டு அம்மா எண்ணுவதை நிறுத்தினார். சாந்தா சோஃபியா துறையில் ஆளுக்கு இரண்டு யூரோ கொடுத்துப் பெரிய கால்வாயைக் கடந்தோம். கோண்டோலா என்னும் அலங்காரப் படகில் முப்பது நிமிடம் போகப் பகலில் 90 யூரோ. இந்தத் துறை ஓடமும் ஒரு கோண்டோலாதான், அலங்காரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வேலைக்கு வந்திருக்கிறது. அக்கரை சேர்வதற்குள் அம்மா தலைக்கு மேல் கைகூப்பி ஒரு கும்பிடு போட்டார். எந்தச் சாமிக்கு என்று நான் கேட்கவில்லை.

கரையேறினால் மீன் சந்தை. நாங்கள் தூத்துக்குடிக்காரர்கள், மீன் விஷயத்தில் எங்களை ஏமாற்ற முடியாது. அம்மா ஒவ்வொரு தட்டிலும் செவுளைப் பார்த்துக்கொண்டே போனார். சந்தையருகே சுவரில் ஒரு பழைய பளிங்குப் பலகை இருக்கிறது. எந்த மீன் எத்தனை சென்டிமீட்டருக்குக் குறைந்தால் விற்கக் கூடாது என்று செதுக்கியிருக்கிறார்கள். சாளைக்கு ஏழு, விலாங்குக்கு இருபத்தைந்து. தம்பி மகள் அனுப்பிய மொழிபெயர்ப்பை வாசித்துக் காட்டினேன். அம்மா பலகையை வெகுநேரம் பார்த்தார். "குஞ்சு மீனை விட்டுவிடு என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நல்ல ஊர்தான்" என்றார்.

சின்ன மீனை விடச் சொன்ன அந்த ஊர், இன்று வலையை எந்தக் கண்ணில் பின்னியிருக்கிறது என்று நான் யோசித்தது அந்த இடத்தில்தான். பெரிய சுற்றுலாக் கப்பல்களை 2021 ஆகஸ்டில் ஜியுதெக்கா கால்வாயிலிருந்து உங்கள் நாட்டு அரசு வெளியேற்றியது, அதற்கு ஒரு சபாஷ். ஆனால் வீடுகள்? சுற்றுலாப் படுக்கைகளின் எண்ணிக்கை 2023-இல் குடியிருப்பவர்களின் எண்ணிக்கையைத் தாண்டிவிட்டது என்று உங்கள் ஊர் அமைப்பு ஒன்றே கணக்குக் காட்டியது. வெனிஸ்காரனின் படுக்கையில் படுத்துறங்குகிறவன் மதிப்புமிக்க விருந்தாளி. அவன் வீட்டுப் பக்கமே போகாமல் மாலை ரயில் ஏறுகிறவன் கடித்துவிட்டு ஓடுகிறவன். கணக்கு எங்கேயோ உதைக்கிறது.

இனி நான் எழுத வந்த விஷயம். அன்று முழுவதும் நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம். ஓடத்தில் நின்றோம். காப்பிக் கடையில் மேடையருகே நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை, ஆகவே நின்றோம். ரொட்டித் துண்டின் மேல் கருவாட்டு விழுதைத் தடவி இரண்டு யூரோவுக்குத் தந்தார்கள், மிக நன்றாக இருந்தது, அதையும் நின்றே தின்றோம். பாலத்துப் படியிலோ சதுக்கத்துத் தரையிலோ உட்கார்ந்தால் அபராதம் என்று உங்கள் விதி சொல்கிறது. சான் மார்கோ சதுக்கத்தில் ஒரு குடும்பம் தூணடிப் படியில் அமர்ந்ததும், மேலங்கி போட்ட இளைஞர் ஒருவர் வந்து பணிவாகவே எழுப்பினார். அவர்கள் எழுந்தார்கள். சுற்றிலும் பார்த்தார்கள். இருந்த நாற்காலிகளெல்லாம் காப்பிக் கடைகளுடையவை. அங்கே இசைக்குழு வாசித்தால் அதற்கும் சேர்த்து ரசீது வரும்.

அம்மாவின் முழங்காலைக் காப்பாற்றியது சான் சல்வதோர் தேவாலயம். கட்டணம் இல்லை, வரிசை வரிசையாக மரப்பலகை. அம்மா உட்கார்ந்து செருப்பிலிருந்து காலை விடுவித்துக்கொண்டார். வலப்புறம் இருட்டுக்குள் டிஷியன் கிழவயதில் தீட்டிய ஓவியம், மரியாளுக்கு வானதூதர் செய்தி சொல்லும் காட்சி. பெட்டியில் ஐம்பது காசு போட்டதும் விளக்கு எரிந்தது. அதுவரை காணாமல் இருந்த பத்துப் பேர் எங்கிருந்தோ வந்து பக்கத்தில் நின்றார்கள். என் காசில் எல்லோரும் பார்த்தோம். கீழே ஓவியரின் கையெழுத்து, லத்தீனில், 'டிஷியன் செய்தான் செய்தான்' என்று இரட்டித்திருந்தது. ஏன் இரண்டு முறை என்று நான் குனிந்து பார்ப்பதற்குள் விளக்கு அணைந்துவிட்டது. எனக்குப் பின்னால் நின்ற முதியவர் தன் பையில் சில்லறையைத் துழாவத் தொடங்கினார். அந்த நாளில் நான் செய்த ஆக நல்ல செலவு அந்த ஐம்பது காசு.

திரும்பும் வழியில் சான் ஜாக்கொமோ தெல்லோரியோ சதுக்கம். மரங்கள், நிழல், சிவப்புச் சாயம் பூசிய பெஞ்சுகள். பையன்கள் தேவாலயச் சுவரில் பந்தை அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பாட்டி தன் காய்கறிப் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அம்மாவுக்கு இடம் விட்டார். இருவரும் ஒரு சொல் பேசவில்லை, முழங்காலைத் தடவிக்கொள்வதில் மட்டும் ஒற்றுமை. நான் பாதுவாவிலிருந்து கட்டிக்கொண்டு வந்த ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தேன். பாட்டி வானத்தைக் காட்டி ஏதோ சொன்னார். எனக்கு விளங்குவதற்குள் ஒரு கடற்காகம் என் காதோரம் இறங்கி, பாதி ரொட்டியைப் பறித்துக்கொண்டு போய்விட்டது. கடித்துவிட்டு ஓடுவது என்றால் என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. அம்மாவும் பாட்டியும் சேர்ந்து சிரித்தார்கள், நீண்ட நேரம்.

அந்த அரைமணி நேரத்தில்தான் நாங்கள் வெனிஸைப் பார்த்தோம் என்பேன். அது நுழைவுச் சீட்டால் கிடைக்கவில்லை, ஒரு பெஞ்சால் கிடைத்தது.

உங்கள் ஊர்க்காரர் மார்க்கோ போலோ எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் ஊருக்குத் தெற்கே இருக்கும் காயலுக்கு வந்து போனார். அந்தக் கடற்கரையில் முத்துக் குளிப்பில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு வரி என்பதைக் குறித்து வைத்தார். காயல் அரசன் வணிகரையும் வெளிநாட்டாரையும் ஆதரித்து நடத்துவதால் அவர்கள் விரும்பி வருகிறார்கள் என்றும் எழுதினார். அந்தக் கரையில் வரியும் வாங்கினார்கள், வந்தவனை ஆதரிக்கவும் செய்தார்கள். இரண்டும் ஒன்றாக நடக்கும் என்பதற்கு உங்கள் ஊர்ச் சாட்சியே இருக்கிறது.

ஆகவே கட்டணத்தை நீக்குங்கள் என்று கேட்கவில்லை. முதல் ஆண்டிலேயே இருபது லட்சம் யூரோவுக்கு மேல் வசூலானதாகச் செய்தியில் படித்தேன். அதில் ஒரு பகுதியைப் பெஞ்சுகளுக்கு ஒதுக்குங்கள். சான் மார்கோவிலும் ரியால்டோவிலும் வேண்டாம், அங்கே கூட்டம் போதும். ரயில் நிலையத்துக்கும் சான் போலோவுக்கும் இடையிலும், கஸ்தெல்லோவின் கிழக்குக் கோடியிலும், மரமோ சுவரின் நிழலோ உள்ள சதுக்கங்களில் போடுங்கள். உங்கள் பாட்டிகளுக்கும் அவை தேவை. உட்கார இடமிருக்கும் பக்கம் கால் தானாகவே போகும், கூட்டமும் பிரியும். நுழைவுச் சீட்டோடு, எங்கே உட்காரலாம் என்று காட்டும் ஒரு வரைபடத்தையும் கொடுங்கள். அதற்கு ஆகும் செலவு ஒன்றுமேயில்லை.

ஒரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். இரவு விளக்கொளியில் கால்வாயைப் பார்த்துவிட்டு அங்கேயே சாப்பிட்டுக் கிளம்ப வேண்டும் என்று முப்பது யூரோவைத் தனியாக எடுத்து வைத்திருந்தேன். ஐந்தரை மணிக்கு ரயில் நிலையத்தருகே வந்தபோது அம்மா, "இனி ஒரு படி ஏற என்னால் ஆகாது, உட்கார இடமும் காணோம், ரயிலிலாவது உட்காரலாம், வா" என்றார். ஆறு மணி ரயிலில் சன்னலோர இடம் கிடைத்தது. அந்த முப்பது யூரோவைப் பாதுவாவில் ஒரு பீட்சாக் கடையில் செலவழித்தோம்.

இப்படிக்கு,
தூத்துக்குடியிலிருந்து வந்த ஒருநாள் விருந்தாளி