பால் பூத்த நெகட்டிவ்

அன்புள்ள மாப்ள,

கடுதாசி கிடைச்சுது. இங்க எல்லாரும் சௌக்கியம். சென்னியப்பன் விவகாரத்துக்குத் தனியா எழுதறேன், அதை இதோட கலந்தா ரெண்டும் கெட்டுப்போகும். முதல்ல நீயே டெவலப் பண்ணின கறுப்பு-வெள்ளை நெகட்டிவ்.

வெளிச்சத்துல புடிச்சா பால் பூத்த மாதிரி மங்கலா இருக்குன்னு எழுதியிருக்கே. படத்தை வரவைக்கற டெவலப்பரைத் திட்டாதே. அதை நிலைநிறுத்தற ஃபிக்சர் வேலையை முடிக்கல, அவ்வளவுதான். ஒளி படாத சில்வர் புரோமைடு, அதாவது வெள்ளி உப்பு, ஃபிலிம் மேல பூசின ஜெலட்டினுக்குள்ளயே இன்னும் கிடக்குது. அதைக் கரைச்சு வெளியேத்தறதுதான் ஃபிக்சர்ல இருக்கற ஹைப்போவோட வேலை. 1819-லயே ஜான் ஹெர்ஷல்ங்கற இங்கிலீஷ் விஞ்ஞானி பார்த்துச் சொன்ன குணம் அது. ஃபிலிமைத் தூக்கி எறிஞ்சுடாதே. புதுசா ஹைப்போ கரைச்சு இன்னொருக்கா பத்து நிமிசம் போடு, தெளிஞ்சுடும். நாளைக் கடத்தினா அந்த மிச்ச உப்பு வெளிச்சம் பட்டுப் பட்டுக் கருக்க ஆரம்பிச்சுடும். பால் போயும் லேசா ஊதா சாயம் நின்னா பயப்படாதே. சில ஃபிலிம்ல இருக்கற நிறமேத்திதான் அது, இன்னும் சித்தெ நேரம் அலசினா போயிடும்.

அப்புறம், திருப்பூர்ல சாயப்பட்டறைக்கு கெமிக்கல் போடற கடையிலயே எல்லாத்தையும் வாங்கிடலாமான்னு கேட்டிருக்கே. காசுன்னா உனக்கு எப்பவும் இப்படித்தான். பாதி சரி, பாதி வம்பு.

ஹைப்போவை அங்கயே வாங்கலாம். பிளீச் பண்ணின துணியில மிஞ்சற குளோரினை எடுக்க அவங்க போடறதும் அதே சோடியம் தயோசல்பேட்தான். பார்க்கக் கல்கண்டு மாதிரி இருக்கும். ஃபிக்சருக்கு அந்தத் தரம் போதும். 600 மில்லி தண்ணியை 50 டிகிரிக்குச் சூடாக்கி 250 கிராம் போடு. கரையக் கரையத் தண்ணி சில்லுன்னு ஆயிடும், அதுக்குத்தான் முதல்லயே சூடு. நல்லா ஆறினதுக்கப்புறம் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் 25 கிராம் சேர்த்து ஒரு லிட்டராக்கு. அது இல்லேன்னு வினிகரை நேரா ஊத்தினயோ, கந்தகம் பிரிஞ்சு கரைசலே வெளுத்துப் போகும்.

ஆனா கடையில வெறுமனே “ஹைப்போ” கேட்டுட்டு வந்துடாதே, மூட்டையில எழுதியிருக்கறதைப் படி. பக்கத்து மூட்டை ஹைட்ரோஸ். அது சோடியம் ஹைட்ரோசல்பைட், மிச்சமிருக்கற வெள்ளி உப்பு பூராத்தையும் கறுப்பு வெள்ளியா மாத்தி ஃபிலிமையே கரியாக்கிடும். கேன்ல இருக்கறது ஹைப்போகுளோரைட், பிளீச்சிங் தண்ணி. அது ஜெலட்டினைத் தின்னுட்டு வெறும் பிளாஸ்டிக்கைத்தான் உனக்குத் திருப்பித் தரும். அதுமேல ஆசிட் பட்டா குளோரின் கிளம்பும், அது விளையாட்டு இல்ல.

ஃபிக்சரை நம்பறதுக்கு முன்னால ஃபிலிம் நுனியில ஒரு துண்டு வெட்டி அதுல போட்டுக் கடிகாரத்தைப் பாரு. தெளியற நேரத்துக்கு ரெண்டு மடங்கு ஃபிக்ஸ் பண்ணு. புதுசுல தெளிஞ்ச நேரத்தைப் பாட்டில் மேலயே எழுதி வை. என்னைக்கு அது ரெட்டிப்பாகுதோ, அன்னைக்கு அந்த ஃபிக்சருக்கு ஆயுசு முடிஞ்சுது.

டெவலப்பர்ல மட்டும் கஞ்சத்தனம் ஆகாது. மட்டமான சரக்குல இரும்பும் செம்பும் துளி இருந்தாலும் டெவலப்பர் சீக்கிரம் காத்துக்குக் கெட்டுப்போகும். கோயமுத்தூர்ல லேப் கெமிக்கல் விக்கற கடையில வாங்கு. டி-76-ங்கற டெவலப்பருக்குக் கணக்கு இது: 50 டிகிரித் தண்ணி 750 மில்லி, மெட்டால் 2 கிராம், நீரற்ற சோடியம் சல்பைட் 100 கிராம், ஹைட்ரோகுயினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம், எல்லாம் கரைஞ்சதும் ஒரு லிட்டர் ஆக்கு. வரிசை மாத்தாதே. சல்பைட் முழுசாப் போட்ட தண்ணியில மெட்டால் கரையாது. அதனால ஒரு சிட்டிகை சல்பைட், அப்புறம் மெட்டால், அது கரைஞ்சதும் மிச்ச சல்பைட். போராக்ஸுக்கு நாட்டு மருந்துக் கடை வெங்காரமே போதும், பொரிச்சது மட்டும் வேண்டாம், அதுல நீர் போயிருக்கறதால எடைக் கணக்கு தப்பும். மெட்டால் கையில பட்டா சில பேருக்குத் தோல் வெடிச்சு அரிக்கும், கையுறை போடு. ஹைட்ரோகுயினோன் பழுப்பா இருந்தா வாங்காமத் திரும்பிடு.

தண்ணியும் ஒரு வில்லன். காங்கயத்துப் போர்த்தண்ணியோட கால்சியம் டெவலப்பர்ல வெள்ளையாப் படியும், காயற நெகட்டிவ்ல திட்டாத் தெரியும். எங்களுக்குச் சிறுவாணி இருக்குன்னு நான் பெருமையடிக்கல! கரைக்கறதுக்கும் கடைசி அலசலுக்கும் பேட்டரித் தண்ணி வாங்கிக்க, நடுவுல அலசறதுக்குப் போர்த்தண்ணி பரவால்ல.

இப்ப நிஜமான கவலை. ஃபிலிம் அட்டையில போட்டிருக்கற டெவலப் நேரம் 20 டிகிரிக்கு. சித்திரையில உன்ற மொட்டைமாடித் தொட்டித் தண்ணி 30-ஐத் தாண்டி நிக்கும். ஒரு டிகிரி ஏறினா நேரத்துல ஏறத்தாழ பத்துல ஒரு பங்கு குறைக்கணும். அஞ்சு நிமிசத்துக்குக் கீழ போனா டெவலப்பர் சமமாப் பரவாது, வானமெல்லாம் திட்டுத்திட்டா வரும். அதை விடக் கேடு, ஜெலட்டின் ஊறி நெகிழ்ந்துடும். அந்த நேரத்துல பச்சைத் தண்ணிக்கு மாத்தினா சுருங்கி வலை வலையா வெடிக்கும். பாலைத் தெளிய வைக்கலாம், வலைக்கு மருந்தே இல்ல. ஐஸ் வைக்கறதுன்னா டெவலப்பர், ஃபிக்சர், அலசற தண்ணி மூணையும் ஒரே சூட்டுல வை.

ஐஸ் கட்டுப்படியாகலேன்னா திருப்பூர் கைகொடுக்கும். சாயத்துக்குப் போடற கிளாபர் உப்பு, அதாவது சோடியம் சல்பேட், லிட்டருக்கு 100 கிராம் டெவலப்பர்ல கரைச்சா ஜெலட்டின் ஊதறதை அடக்கும், வேலையையும் நிதானமாக்கும். அந்த 100 நீரற்ற தூளுக்கு. படிகமா இருந்தா 227 கிராம். கழிவுத் தண்ணியில இருந்து மீட்டெடுத்த உப்பைத் தலையில கட்டப் பார்ப்பாங்க, வாங்காதே. நேரத்தை ஒரு துண்டுல பார்த்துட்டு முழு ரோலைப் போடு.

பழைய ஃபிக்சரைத் தென்னைக்கு ஊத்தலாம்னு கனவு காணாதே, அதுல சில்வர் இருக்கு. அதை ஒரு வாளியில ஊத்தி ஸ்டீல் உல் (இரும்பு நார்) போட்டு வை, இரும்பு கரைஞ்சு வெள்ளி சேறாப் படியும்.

பெட்டியில கிடக்குன்னு எழுதியிருக்கற பழைய “இந்து” ரோலை, ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் கம்பெனி போட்ட ஃபிலிமை, இப்போதைக்குத் தொடாதே. வயசான ஃபிலிம் டெவலப் பண்ணினா வெளிச்சம் படாத இடமும் லேசாக் கறுக்கும், ஃபாக்னு சொல்வாங்க. அதை அடக்க டெவலப்பர்ல லிட்டருக்கு 1 கிராம் பொட்டாசியம் புரோமைடு சேர்த்து, முதல்ல ரெண்டு விரக்கடை நுனியை மட்டும் கழுவிப் பாரு. அதையும், ஃபிக்சர் தெளியற நேரத்தையும், உன்ற தண்ணியோட சூட்டையும் எழுதி அனுப்பு. மிச்சத்தை அதைப் பார்த்துட்டுச் சொல்றேன்.

அன்புடன்,
உன்ற மாப்ள