வரைபடத்தில் சிவப்புக் கோடு ஏறினால் பதறாதே

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. இங்கிலாந்தில் சர்ஜரியில், அதாவது குடும்ப மருத்துவர் கிளினிக்கில், மருந்தாளராகச் சேர்ந்த கையோடு ஆன்டிபயாட்டிக் கணக்கை உன் தலையில் கட்டிவிட்டார்களா? ஒவ்வொரு சர்ஜரியும் எழுதும் மருந்துகளை வரைபடமாகக் காட்டும் ஓப்பன்பிரிஸ்கிரைபிங் இணையதளத்தில் உங்கள் கோடு தேசிய இடைநிலைக்கு மேலே போகிறது என்பதற்காகக் கலங்க வேண்டாம். இடைநிலை என்றாலே இங்கிலாந்தின் சர்ஜரிகளில் பாதி அதற்கு மேலேதான் இருக்கும்.

முதலில் எதை எதால் வகுக்கிறார்கள் என்று பார். பலவகைக் கிருமிகளைத் தாக்கும் கோ-அமாக்ஸிகிளாவ், செஃபலோஸ்போரின், குயினோலோன் மூன்றையும் கூட்டி, மொத்த ஆன்டிபயாட்டிக் உருப்படிகளால் (மருந்துச் சீட்டில் ஒரு வரி, ஒரு உருப்படி) வகுக்கிறார்கள். 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ் வைத்த இலக்கு. மாதம் மொத்தம் 200 உருப்படியில் இவை 20 என்றால் சரியாக 10 சதவீதம். இனி உங்கள் டாக்டர்கள் சளி, இருமலுக்கு அமாக்ஸிசிலின் எழுதுவதைக் குறைத்து, மொத்தம் 140-க்கு இறங்குகிறது என்று வை. அதே 20 இப்போது 14 சதவீதத்தைத் தாண்டிவிடும்! நல்லது செய்த சர்ஜரிக்குக் கெட்ட பெயர். அதனால் ஸ்டார்-பியூவுக்கு (வயது, பாலினத்துக்கு ஏற்ப எடை போட்டுக் கணக்கிட்ட நோயாளி எண்ணிக்கை) எத்தனை உருப்படி என்ற வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார். வயதையும் பாலினத்தையும் அது சரிக்கட்டிவிடும். ஆனால் உங்கள் பட்டியலில் இருக்கும் முதியோர் இல்லங்கள் அதன் கண்ணுக்குத் தெரியாது.

சின்ன சர்ஜரி என்றால் ஒரு மாதக் கோட்டை நம்பவே கூடாது. மாதம் 15-ல் 2 என்றால் 13 சதவீதம். அடுத்த மாதம் பூஜ்யம். பன்னிரண்டு மாதத்தைக் கூட்டிப் பார்த்தால்தான் ஏதாவது புரியும்.

மற்ற மருந்துகளைப் பார்க்கும்போது இன்னொரு பொறி உண்டு. சீட்டில் ஒரு வரி என்றால் ஒரு உருப்படி, எத்தனை நாளுக்கு எழுதினாலும். 28 நாளுக்கு எழுதுகிற சர்ஜரியில் ஒரு நோயாளிக்கு வருடத்தில் 13 உருப்படி, 56 நாளுக்கு எழுதினால் ஆறோ ஏழோ. மொத்த மாத்திரைகள் ஒன்றுதான், உருப்படிக் கணக்கு மட்டும் இரட்டிப்பு. மாத்திரை எண்ணிக்கையையும் பார்க்காமல் யாரையும் குறை சொல்லாதே.

இந்தக் கணக்கில் நோய் எதுவென்று இருக்காது. மருந்துக் கடையில் கொடுக்கப்பட்டு, என்ஹெச்எஸ்ஸிடம் பணம் கோரப்பட்ட சீட்டுகள் மட்டுமே. காரணம் தெரிய வேண்டுமானால் நோயாளிப் பதிவுகள் இருக்கும் மென்பொருளான எமிஸிலோ சிஸ்டம்ஒன்னிலோ போய் மூன்று மாதத்து கோ-அமாக்ஸிகிளாவ், செஃபலெக்ஸின் (செஃபலோஸ்போரின் வகைதான்) சீட்டுகளை எடு. ஒவ்வொன்றுக்கும் எதிரே நோய்க்குறிப்பை எழுது. நாய்க்கடிக்குக் கோ-அமாக்ஸிகிளாவ் என்றால் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டியே அதைத்தான் சொல்கிறது. சிறுநீரகத் தொற்றுக்குச் செஃபலெக்ஸினும் அப்படியே. அவற்றை ஒதுக்கி வை. சாதாரணச் சிறுநீர்த் தொற்றுக்கும் சைனஸுக்கும் எடுத்த எடுப்பில் எழுதியிருந்தால் அங்கேதான் டாக்டரோடு பேச வேண்டும்.

டாக்டரைப் பார்க்காமலே தொடர்ந்து வாங்கும் மருந்துகளின் ரிப்பீட் பட்டியலை மறந்துவிடாதே. அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்றைத் தடுக்க என்று யாரோ எப்போதோ தொடங்கிய செஃபலெக்ஸின், யாரும் திரும்பிப் பார்க்காமல் மாதாமாதம் ஓடிக்கொண்டிருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது மறுபரிசீலனை என்பது விதி. சின்ன சர்ஜரியில் இப்படி நாலு பேர் இருந்தாலே போதும், கோடு மேலே ஏறிவிடும். என் சந்தேகமெல்லாம் இங்கேதான். தேடலை இதிலிருந்தே தொடங்கு.

பட்டியல் கைக்கு வந்ததும் பெயர், பிறந்த தேதி எல்லாம் நீக்கிவிட்டு, மருந்து, நாள், நோய்க்குறிப்பு மூன்றின் எண்ணிக்கையை மட்டும் எழுது. பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்