குதிங்காலில் எடுத்த ரத்தமும் தோட்ட ஒபிசில் கிடந்த கடிதமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

22 வருடம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், அதாவது வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், வேலை செய்தவள் நான். தொட்டில் பிள்ளைகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். அப்படியிருந்தும் என் மகளின் பிள்ளையை "தங்கமான புள்ள, அழுகையே இல்ல" என்று நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பாலுக்குக்கூட நாங்கள்தான் தட்டி எழுப்புவோம். மஞ்சள் இறங்கவில்லை. எப்போதாவது அழுதால் குரல் கரகரக்கும். இதெல்லாம் கழுத்தில் இருக்கும் தைரொயிட் சுரப்பி பிறவியிலேயே போதிய அளவு சுரக்காத குறையின் அடையாளம் என்று பிறகுதான் தெரிந்தது. பல பிள்ளைகளிடம் இந்த அளவு அடையாளமும் தெரியாதாம்.

அதற்காகத்தான் ஆஸ்பத்திரியில் டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் குதிங்காலில் குத்தி, நாலைந்து சொட்டு ரத்தத்தைத் தடித்த தாளில் ஊறவிட்டு அனுப்புகிறார்கள். நம் இலங்கையில் தென் மாகாணத்தில் 2010இல் ஆரம்பித்த இந்தப் பரிசோதனை பிறகுதான் மற்ற இடங்களுக்கும் வந்தது. உலக அளவில் 2,000 முதல் 4,000 பிள்ளைகளில் ஒன்றுக்கு இந்தக் குறை இருக்கிறது. அந்தச் சுரப்புக்கு வேண்டிய அயடீன்தான் உப்பில் இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். சுரப்பியே இல்லாமலோ இடம் மாறியோ பிறந்த பிள்ளைக்கு அந்த உப்பு போதாது. முதல் இரண்டு கிழமைக்குள் அந்தச் சுரப்புக்குப் பதிலாகக் கொடுக்கும் தைரொக்சின் குளிசை தொடங்கினால் மூளை மற்றப் பிள்ளைகளைப் போலவே வளரும். பிந்தினால் இழந்ததைத் திருப்ப முடியாது.

எங்கள் பிள்ளைக்கு ரத்தம் ஒழுங்காகத்தான் எடுத்தார்கள். மறுபடி பரிசோதிக்கக் கூட்டி வரச் சொல்லிக் கடிதமும் போட்டார்கள். அது தோட்ட ஒபிசில் கிடந்தது. எங்களுக்கு லயத்துக் கதவு இலக்கத்தில் தபால் வருவதில்லை. சம்பளத்தன்று கொடுக்கலாம் என்று கட்டி வைத்திருந்தார்கள். கொடுத்திருந்த நம்பரோ கொழும்பில் இருக்கும் மருமகனுடையது, அவர் சிம்மை மாற்றிவிட்டார். கடைசியில் மிட்வைஃப் அம்மா மழையோடு லயத்துக்கு ஏறி வந்து சொன்னார். பிள்ளை பிறந்து அன்றைக்குப் 17 நாள். "தீட்டுக் கழியட்டும், பிறகு போகலாம்" என்று சம்பந்தியம்மா தடுத்தார். நான் கேட்கவில்லை. அன்றைக்கே ஆட்டோ பிடித்தோம். கடிதம் பிறகு கைக்கு வந்தது, முழுக்கச் சிங்களத்தில்.

இப்போது தினமும் காலையில் கரண்டியில் குளிசையை நசுக்கி, தாய்ப்பாலில் குழைத்துக் கொடுக்கிறோம். பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கிறான். அந்த மூன்று நாள் பிந்தியதை நினைத்தால் எனக்கு இன்னும் தூக்கம் வருவதில்லை.

சுகாதார அதிகாரிகளிடம் கேட்கிறேன்: மறுபரிசோதனைக் கடிதத்தைத் தமிழிலும் எழுதுங்கள். அனுப்பும் அன்றைக்கே அந்தப் பகுதி மிட்வைஃபுக்கும் தெரிவியுங்கள். தாய்மாரே, டிக்கட் வெட்டும்போது குதிங்காலில் ரத்தம் எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். வீட்டில் இருப்பவரின் நம்பரையும் சேர்த்துக் கொடுங்கள். தோட்ட நிர்வாகங்கள் ஆஸ்பத்திரிக் கடிதத்தை ஒரு நாள்கூட வைத்திருக்கக் கூடாது. கொழுந்து நிறுக்கத் தினமும் மலைக்கு வருகிறவர் கையில் கொடுத்துவிட்டாலே போதும், அன்று பின்னேரமே லயத்துக்கு வந்து சேர்ந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு தோட்டத்துப் பாட்டி,
மஸ்கெலியா.