அப்பா வீட்டில் இருக்கிறார், எல்லோருக்கும் நன்றி

அப்பா வீடு வந்து சேர்ந்துவிட்டார். சனிக்கிழமை அவர் வழி தவறிக் காணாமல் போனது உங்களுக்கெல்லாம் தெரியும், திரும்ப எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. இங்கே சான் பிரான்சிஸ்கோவில் கிரிஸ்ஸி ஃபீல்டு கடற்கரைப் பூங்கா முழுக்க நடந்து தேடியவர்கள், செஸ்ட்நட் தெருவில் கடை கடையாகப் போட்டோவைக் காட்டியவர்கள், 30-ஆம் நம்பர் பஸ் டிரைவர்களிடம் விசாரித்தவர்கள், அப்புறம் ராத்திரி ரசம் சாதத்தை வாசலில் வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனவர்கள், எல்லோருக்கும் நன்றி.

ஆனால் நம்மில் யாருக்கும் தெரியாத ஒருவரைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும்.

அப்பா கிடைத்தது பேலஸ் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் என்கிற பெரிய தூண் மண்டபத்தில், குளக்கரையில். அங்கே ஒரு பெரிய தூணை விரல் முட்டியால் தட்டிக்கொண்டிருந்தாராம். காலமெல்லாம் கொத்தனார் வேலை பார்த்தவர், எந்தச் சுவரானாலும் தட்டித்தான் பார்ப்பார். இதைக் கவனித்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், வழி தெரியாமல் நிற்கிறார் என்று புரிந்ததும் கையைப் பிடித்து இழுக்கவில்லை, வீடு எங்கே என்று குடையவும் இல்லை. சத்தமில்லாமல் போலீசுக்குப் போன் செய்துவிட்டு, தானும் பக்கத்தில் நின்று அந்தத் தூணைத் தட்டியிருக்கிறார்!

அப்புறம் போனில் மொழிபெயர்ப்பைப் போட்டு ஒரே பேச்சுதான். அந்த மண்டபம் 1915-இல் நடந்த உலகக் கண்காட்சிக்காக மேபெக் என்கிற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது, பார்க்க ரோமாபுரி இடிபாடு மாதிரி இருந்தாலும் அன்றைக்கு மேல்பூச்சு எல்லாம் நார் கலந்த பிளாஸ்டர்தான், கண்காட்சி முடிந்ததும் இடித்துவிடுவதாக இருந்தது, ஊர்க்காரர்களுக்கு மனசு வரவில்லை, உதிர்ந்து உதிர்ந்து நின்றதை 1964-இல் இடித்துவிட்டு அதே மாதிரி காங்கிரீட்டில் எழுப்பினார்கள். மேலே முதுகைக் காட்டிக்கொண்டு அழுகிற பெண் சிலைகளைப் பற்றியும் அப்பா கேட்டிருக்கிறார். அவர்கள் குனிந்திருக்கும் பெட்டிகளில் செடி வைப்பதாக இருந்ததாம், வைக்கவே இல்லையாம்.

நாங்கள் மூச்சிரைக்க ஓடிப்போய் நின்றால், "பிளாஸ்டர்டா! இந்தக் கடல் காத்துல அம்பது வருஷம் தாங்கியிருக்கு" என்கிறார் அப்பா. பேரன் பெயரே சில நேரம் மறந்துபோகிறவருக்கு, இது மறுநாள் காலையிலும் ஞாபகம் இருந்தது. ஒரு மேஸ்திரியிடம் இன்னொரு மேஸ்திரி பேசுகிற மாதிரி அந்த மனிதர் பேசியிருக்கிறார், அதனால்தான் அப்பா அங்கேயே நின்றார் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் குளத்தைச் சுற்றி எந்தப் பக்கம் நடந்திருப்பாரோ.

அப்பா சட்டைப்பையில் என் நம்பரை எழுதி வைத்தாயிற்று. இனி நம் குழுவில் யார் வீட்டுப் பெரியவரைக் காணோம் என்று செய்தி வந்தாலும், நடுராத்திரியானாலும் சரி, முதல் கார் என்னுடையதாக இருக்கும்.