ஸ்கோர் ஷீட் இல்லாமல் செஸ் பாடம் எப்படி வரும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செஸ் கற்றால் பொறுமை வரும், முடிவெடுக்கும் திறன் வளரும் என்று தெருவுக்குத் தெரு பயிற்சி மையங்கள் பேனர் கட்டுகின்றன. வரும்தான், ஆனால் தானாக வராது. ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளி அரங்குகளில் நடக்கும் ஒருநாள் ரேபிட் (விரைவு ஆட்டம்) போட்டிகளை மட்டுமே ஆடும் பிள்ளைக்கு அதற்கான வழி குறைவு. ரேபிட் விதிப்படி நகர்த்தல்களை ஸ்கோர் ஷீட் என்னும் தாளில் எழுத வேண்டியதில்லை. எழுதாத ஆட்டம் கைகுலுக்கியதோடு காற்றில் போய்விடும். எப்படித் தோற்றாய் என்று கேட்டால், 'ராணியை விட்டுட்டேன்' என்பதற்கு மேல் பதில் வராது.

90 நிமிடமும் நகர்த்தலுக்கு 30 விநாடி கூடுதலும் தரும் நீண்ட ஆட்டத்தில் கடைசி நகர்த்தல் வரை எழுதியாக வேண்டும். காயை நகர்த்திய பிறகே எழுத வேண்டும். முன்கூட்டி எழுதுவது தவறு. நகர்த்தலுக்குப் பக்கத்தில் கிளாக்கில் மீதமிருக்கும் நேரத்தையும் குறிக்கலாம். இதற்கு விதியில் இடமிருப்பது பல பெற்றோருக்குத் தெரியாது. பிள்ளையின் அவசரம் அந்த எண்களில் அப்பட்டமாகத் தெரியும். 90 நிமிடத்தில் தொடங்கி, தோற்று எழும்போது 95 நிமிடம் மீதம் வைத்திருக்கும் சிறுவர்கள் எல்லாப் போட்டியிலும் உண்டு. ஒவ்வொரு நகர்த்தலையும் 30 விநாடிக்குள் முடித்தால் நேரம் ஏறத்தானே செய்யும்!

வீட்டுக்கு வந்ததும் கைப்பேசியைத் தள்ளிவைத்துவிட்டு, தாளைப் பார்த்துப் பலகையில் ஆட்டத்தை மறுபடி ஆட வேண்டும். ராணி போன இடத்தைத் தேடக் கூடாது. அதற்கு ஐந்தாறு நகர்த்தல் முன்னால், 'இனி என்ன செய்வது' என்று முதலில் திணறிய இடத்தைத் தேட வேண்டும். அப்போது என்ன நினைத்தோம், எதிராளியின் எந்தப் பதிலைப் பார்க்கவில்லை என்று இரண்டு வரி எழுத வேண்டும். கணினியைத் திறப்பது அதற்குப் பிறகுதான். முதலிலேயே திறந்தால் அது சரியான நகர்த்தலைக் காட்டும், பிள்ளை தலையாட்டி மூடிவிடும். தன் யோசனை எங்கே தடம் மாறியது என்பது கடைசி வரை தெரியாது.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நடந்த உலக சாம்பியன் போட்டியின் 14-வது ஆட்டத்தைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஆடிப் பாருங்கள். குகேஷை எதிர்த்து ஆடிய சீன வீரர் டிங் லிரனுக்கு ஒரு சிப்பாய் குறைவு, ஆனாலும் டிரா செய்யக்கூடிய நிலை. 55-வது நகர்த்தலில் யானைகளை மாற்றிக்கொண்டு ஆட்டத்தை எளிதாக்க நினைத்து, தன் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்தார். குறுக்காக நகரும் அவருடைய பிஷப் ஏ8 மூலையில் இருந்ததுதான் வினை. யானைகள் போனதும் குகேஷ் தன் பிஷப்பை டி5-க்கு நகர்த்த, டிங்கின் பிஷப்புக்கு ஒதுங்க இடமில்லை. அதையும் மாற்றிக்கொண்டால் மிஞ்சுவது தோற்கும் சிப்பாய் ஆட்டம். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குமுன், வாங்கிய பிறகு பலகையில் என்ன மிஞ்சும் என்று பார்க்கும் பழக்கத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. கடன் வாங்கும்போதும் வேலை மாறும்போதும் உதவுவது இதே பழக்கம்தான்.

தொட்ட காயை ஆடியே தீர வேண்டும் என்ற விதியில் பெற்றோர்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். 'சின்னப் பிள்ளைதானே, விட்டுடுங்க' என்று நடுவரிடம் மன்றாடும்போது, அந்த விதி சொல்லித்தர வந்ததை அவர்களே தடுத்துவிடுகிறார்கள். ஆட்டத் திறனைக் காட்டும் புள்ளியான ரேட்டிங் பற்றிய கவலையும் அப்படியே. 18 வயதுக்குட்பட்டு 2300-க்குக் கீழே இருப்பவருக்கு ஓர் ஆட்டத்தில் ரேட்டிங் எவ்வளவு மாறும் என்பதை நிர்ணயிக்கும் கே மதிப்பு பொதுவாக 40. தன்னைவிட 200 புள்ளி குறைந்தவரிடம் தோற்றால் ஏறக்குறைய 30 புள்ளி இறங்கும், வென்றால் 10-தான் ஏறும். சிறு வயதில் இப்படி ஏறி இறங்குவது இயல்பு. அதற்காகப் போட்டிக்கு அனுப்பாமல் நிறுத்திவைப்பது வீண்.

போட்டி அமைப்பாளர்கள் மாதம் ஒரு முறையாவது இரண்டு நாள் நீண்ட ஆட்டப் போட்டி நடத்த வேண்டும். நகல் எடுக்கும் ஸ்கோர் ஷீட் தந்து, அரங்குக்கு வெளியே நான்கு பலகைகளும் போட்டால், ஆடி முடித்த இருவரும் அங்கேயே சேர்ந்து அலசலாம். கோப்பையின் உயரத்தில் ஓர் அங்குலம் குறைத்தால் இதற்கான செலவு வந்துவிடும்.

இப்படிக்கு,
சதுரங்க நடுவர் ஒருவர்,
மதுரை.